கையெழுத்தைச் சுற்றி ஒரு வெள்ளை ஓரம்

அத்தியாயம் 14

உயிரோடு இருக்கிற தாய்மாமனுக்கு விளக்கு ஏற்றிவைத்த கூத்தைப் போன வாரம் படித்துவிட்டுச் சிரித்தீர்கள் அல்லவா? கலையரசி சிரிக்கவில்லை. ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுத்துவிட்டு, காலையில் முகம் வீங்கிப்போய் உட்கார்ந்திருக்கிறாள்.

இந்த வாரம்தான் முதலில் படிக்கிறவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன். விழுப்புரம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சந்தில் 'கலை டிசைன்ஸ்' என்று ஒரு கடை. கல்யாணப் பத்திரிகை, காதணி விழா பேனர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் வடிவமைத்துக் கொடுக்கிற கடை. பதினோரு வருடமாக அதை நடத்துகிறவள் கலையரசி. கூட இருந்து கவனிக்கிறவன் அவள் தம்பி தென்னரசு. அவனுக்கு மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே அவள்தான்.

கல்யாணம் ஆகி கலையரசி வாழ்க்கைப்பட்டது திண்டிவனத்தில். தினமும் நாற்பது கிலோமீட்டர் பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தாள். இரண்டு முறை வயிற்றில் தங்கியது, இரண்டு முறையும் போய்விட்டது. இப்போது மூன்றாவது, ஏழாம் மாதம். பஸ் படியில் காலே வைக்கக் கூடாது என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார்.

சும்மா படுத்திருக்க அவளால் முடியுமா? புருஷன் அலெக்ஸ் ஒரு பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்து, கடைக் கம்ப்யூட்டரை வீட்டிலிருந்தே பார்க்கிற மாதிரி செய்து கொடுத்தான். இங்கே இவள் மவுஸை நகர்த்தினால் அங்கே விழுப்புரத்தில் அம்பு நகரும். ஐந்து வாரமாகக் கட்டிலில் சாய்ந்தபடியேதான் தொழில்.

அம்பு நகர்ந்தது சரி, எழுத்து தெரிந்ததா? தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேப்பர் படிக்கிற மாதிரி எல்லாம் கலங்கலாக இருந்தது. பெரிய தலைப்பு மட்டும் படிக்கலாம். அதற்குக் கீழே எல்லாம் எறும்பு ஊர்வதுபோல் கறுப்பாக ஒரு வரிசை. மெரூனும் பழுப்பும் ஒன்றாகத் தெரிந்தன. கேட்டால், "நெட்டு ஸ்லோ கலை, இன்னா பண்றது?" என்பான் அலெக்ஸ்.

அந்தக் கலங்கலில்தான் வளவனூர்க்காரர் விருத்தாசலம் மாட்டினார். காதணி விழா பேனரில் தாய்மாமன் என்ற முறையில் அவர் படம். அழகாக இருக்கட்டுமே என்று படத்துக்குக் கீழே ஒரு பூங்கொத்தை எடுத்து வைத்தாள் கலையரசி. அவள் பூங்கொத்து என்று நினைத்தது எரிகிற விளக்கு. படத்துக்குக் கீழே விளக்கு எரிந்தால் அந்த ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சீர்த்தட்டோடு மண்டபத்து வாசலில் வந்து நின்ற மனிதர், பன்னிரண்டடி உயரத்தில் தன் சாவைத் தானே பார்த்தார். நேற்றுச் சாயங்காலம் கடைக்கு வந்து, "எனக்குத் தேதி குறிச்சிட்டீங்களா? இல்ல, அதுவும் உங்க கடையிலயே குறிச்சிக் குடுப்பீங்களா?" என்று ஆடித் தீர்த்துவிட்டார்.

"விடுக்கா," என்று காலையில் போன் செய்தான் தென்னரசு. "நான் கையில கால்ல விழுந்து அனுப்பிட்டேன். இந்த நேரத்துல உனக்கு இந்த வேல இன்னாத்துக்கு? நிம்மதியா ரெஸ்ட் எடு. நான் பார்த்துக்கிறேன்."

அலெக்ஸும் வேலைக்குக் கிளம்பும்போது அதையேதான் சொன்னான். மெயின் ரோட்டில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் அவனுக்கு வேலை. பிளாஸ்கில் வெந்நீர் ஊற்றி வைத்து, கொய்யாவை நறுக்கி வைத்து, தலையணையை முதுகுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, "இன்னைக்கு ஒரு நாளு அந்தப் பொட்டிய மூடி வையேன்" என்று கெஞ்சினான்.

எப்பேர்ப்பட்ட தம்பி, எப்பேர்ப்பட்ட புருஷன் என்று கலையரசிக்குக் கண் கலங்கிவிட்டது. ஐயோ, பாவம்.

ஆனால் பெட்டியை மூடவில்லை. இனி ஒரு தப்பு நடந்தால் பதினோரு வருடப் பேர் காற்றில் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். மாடி வீட்டு அம்சாவுக்குப் போன் போட்டாள். அம்சா சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறவள், கம்ப்யூட்டர் விஷயத்தில் கெட்டிக்காரி. டீ டம்ளரோடு இறங்கி வந்தவள், திரையைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"இன்னாக்கா இது, மார்கழி மாசத்துப் பனி மாதிரி?"

"நெட்டு ஸ்லோவாம்."

"யாரு சொன்னது? எனக்கும் உங்களுக்கும் ஒரே லைன்தானே? மேல நான் வீடியோல மீட்டிங் பேசிக்கினு இருக்கேன். எங்க மேனேஜரு மூக்குல இருக்கிற மச்சம்கூட எனக்குத் தெரியுது. தள்ளுங்க, பார்க்கிறேன்."

அம்சா எங்கெங்கோ தட்டி, ஒரு பட்டியலைத் திறந்தாள். அவள் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். தூரத்துக் கம்ப்யூட்டரின் படம் நம்மிடம் வரும்போது எவ்வளவு நசுக்கி அனுப்புவது என்று ஒரு கணக்கு உண்டாம். ரொம்ப நசுக்கினால் வேகமாக வரும், ஆனால் நசுங்கித்தான் வரும். இங்கே அதை உச்சத்துக்கு நசுக்கி வைத்திருந்தது. லட்சக்கணக்கான நிறம் காட்டுகிற திரையில் வெறும் இருநூற்றைம்பத்தாறு நிறம்தான் வரும்படி வைத்திருந்தது. போதாக்குறைக்கு, கடையின் பெரிய திரையைப் பாதி அளவுக்குச் சுருக்கி, இங்கே மறுபடி இழுத்துக் காட்டிக்கொண்டிருந்தது.

"வேகம் முக்கியம்னு இருக்குது பாருங்க. அத எடுத்துட்டு, தெளிவு முக்கியம்னு வைக்கிறேன். கலரு, முழுசா. அளவு, அங்க இருக்கிற மாதிரியே." ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்தவளின் கை நின்றது. "அக்கா, இது தானா இப்படி வராது. சும்மா வுட்டா நடுவுலதான் நிக்கும். மூணையும் யாரோ தேடிப் போயி அடிமட்டத்துக்கு எறக்கி வச்சிருக்காங்க. எப்பவும் இப்படியே இருக்கணும்னு டிக்கு வேற."

கலையரசி அதைக் காதில் வாங்கவில்லை. அவள் கண் திரையில் இருந்தது. கலங்கல் ஒரு முறை துள்ளியது. அடுத்த நொடி, அவள் கடை அப்படியே வந்து நின்றது. ஒவ்வொரு படத்தின் கீழேயும் பெயர் படிக்க முடிந்தது. எழுத்துக்கு மேலே புள்ளி இருந்தது. சுழி இருந்தது. மெரூன் மெரூனாக இருந்தது. ஒரு 'ழ'வைப் பார்த்து ஒரு பெண்பிள்ளை அழுவாளா? அழுதாள்.

"இதுக்குப் போயி அழுவீங்களா?" என்று அம்சா சிரித்தாள். "பதினொண்ணரைக்கு எனக்கு மீட்டிங்கு. ஜல்தியா போவணும். எதுன்னா கூப்புடுங்க."

அவள் மாடி ஏறிப் போனதும் கலையரசி முதல் வேலையாக ஒரு பத்திரிகையைத் திறந்தாள். வியாழக்கிழமை வடிவமைத்தது. இன்று அச்சகத்துக்குப் போக வேண்டியது. விளக்கு விவகாரத்துக்குப் பிறகு எதையும் ஒரு தடவை சரிபார்க்காமல் விடக் கூடாது என்று அவளுக்குப் பயம்.

"புதுச்சேரி பார்ட்டிக்கா," என்று தென்னரசு அன்றைக்குச் சொல்லியிருந்தான். "கடைத் திறப்பு விழா. பேரு வெளிய தெரியக் கூடாதாம். நீ டிசைன மட்டும் போடு. எழுத்த நான் அடிச்சிக்கிறேன்."

யாரோ ஒரு புண்ணியவான் புதிதாகத் தொழில் தொடங்குகிறான், நம் கை ராசியாக இருக்கட்டும் என்று நினைத்துத்தான் அதைச் செய்தாள். ஓரத்தில் கொடி, மூலையில் மயில், நடுவில் தங்கக் கோடு. மூன்று மணி நேரம் உட்கார்ந்து, இடுப்பு வலியோடு இழைத்த இழைப்பு. நிறம் சரியாகத்தான் விழுந்திருந்தது. திருப்தியாக இருந்தது. பிறகு எழுத்தைப் படித்தாள்.

தென்றல் டிஜிட்டல்ஸ். புதுப்பொலிவுடன் திறப்பு விழா. வரும் திங்கட்கிழமை காலை ஒன்பது மணி. இடம், பழைய பஸ் ஸ்டாண்டு அருகில், விழுப்புரம். கதவு எண் அவளுடைய கடையின் கதவு எண்.

தப்பாக அடித்துவிட்டான் போலிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தாள். மனசு இப்படித்தான், கடைசி வரைக்கும் ஆளைக் காப்பாற்றப் பார்க்கும். அடுத்த வரியைப் படித்தாள். குத்துவிளக்கு ஏற்றுபவர், திருமதி சவுரியம்மாள்.

சவுரியம்மாள் அவளைப் பெற்ற தாய்.

தங்கள் வரவை அன்புடன் எதிர்நோக்கும், தென்னரசு. அதற்கும் கீழே, தங்கக் கோட்டை ஒட்டி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டிய அளவில் ஒரு வரி. முன்பு கலை டிசைன்ஸ் இயங்கிய இடம்.

முன்பு!

 கலையரசி வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தன்னைக் கடையை விட்டுத் துரத்துகிற பத்திரிகைக்குத் தானே உட்கார்ந்து மயில் வரைந்திருக்கிறாள். தங்கக் கோடு போட்டிருக்கிறாள். ராசியாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு வேறு செய்திருக்கிறாள். இது துரோகம். இதற்கு வேறு பெயர் கிடையாது. அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது. பெற்ற தாய் விளக்கு ஏற்றப் புடவைகூட எடுத்து வைத்திருப்பாள்.

போனை எடுக்கவில்லை. மவுஸைப் பிடித்தாள். தென்னரசு என்ற பெயருக்குக் கீழே அம்பை வைத்து, பத்திரிகையிலேயே அடித்தாள்.

உன் அக்கா எங்கடா?

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, அவள் கை மவுஸில் அசையாமல் இருக்கும்போதே, திரையில் அம்பு விருட்டென்று நகர்ந்தது. விழுப்புரத்தில் தென்னரசு வந்து உட்கார்ந்துவிட்டான். அவள் அடித்தது ஒவ்வோர் எழுத்தாக அழிந்தது.

அவள் மறுபடி அடித்தாள். அவன் மறுபடி அழித்தான். அம்பை இவள் இந்தப் பக்கம் இழுக்க, அவன் அந்தப் பக்கம் இழுக்க, நாற்பது கிலோமீட்டர் இடைவெளியில் அக்காவும் தம்பியும் ஒரே அம்பைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டினார்கள். சின்ன வயதில் ஒரே போர்வைக்கு அடித்துக்கொண்டவர்கள்தான். அன்றைக்கு அவள் விட்டுக்கொடுத்தாள். இன்றைக்கு விடவில்லை. மூன்றாவது முறையும் அடித்தாள். உன் அக்கா எங்கடா?

அம்பு நின்றுவிட்டது. போன் அடித்தது.

"அக்கா, அது சும்மா ஒரு மாடலுக்கா."

"மாடல்ல நம்ம கடை நம்பரு எப்படிடா வந்துது?"

  அதற்கு அவன் கேட்டது இதுதான். "நீ எப்படிக்கா படிச்ச?"

மன்னிச்சிடு என்று சொல்லவில்லை. எப்படிப் படித்தாய் என்று கேட்கிறான். அவளால் படிக்க முடியாது என்று அவனுக்கு ஐந்து வாரமாகத் தெரியும். இது உறைத்தபோதுதான் கலையரசிக்கு நிஜமாகவே அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"பேஜாரு பண்ணாதக்கா. கடையில ஆளுங்க இருக்காங்க. இரு, வெளிய வந்து பேசறேன்." ஷேர் ஆட்டோக்காரன் ஆள் கூப்பிடுகிற சத்தம் போனில் கேட்டது. தெருவுக்கு வந்துவிட்டான். வந்ததும் குரல் மாறியது. "சரி, கேளு. போர்டுல உன் பேரு. பில்லுல உன் பேரு. பத்து வருஷமா அங்கியே நிக்கிறேன். வர்றவன் எல்லாம் இன்னா சொல்றான் தெரியுமா? 'அக்கா இல்லியா? அப்ப அப்புறமா வர்றேன்.' எனக்கு முப்பது வயசு ஆவுது. நான் எப்பத்தான் ஒரு ஆளாவுறது?"

"என்கிட்ட கேட்டிருக்கலாமேடா?"

"கேட்டா குடுத்திருப்பியா?"

"பாதி குடுத்திருப்பேன். சத்தியமா பாதி குடுத்திருப்பேன்டா."

"எனக்குப் பாதி வாணாம்."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான் பாருங்கள். கலையரசி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுதுகொண்டே யோசிக்கத் தெரிந்தவள் அவள். "வாடகை அக்ரிமெண்டு என் பேர்ல இருக்குது. ஓனரு சீனுவாசன் சாரு உன் பேருக்கு எப்படிடா மாத்துவாரு?"

"நீதான் லெட்டர் குடுத்திருக்கியே."

"எந்த லெட்டரு?"

வாய் தவறிச் சொல்லிவிட்டோம் என்று அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். போன் கட் ஆனது.

தென்னரசு தெருவிலிருந்து கடைக்குள்ளே வந்து நாற்காலியில் உட்கார எவ்வளவு நேரம் ஆகும்? வாசலில் யாராவது பிடித்து நிறுத்தினால் ஐந்து நிமிடம். கலையரசி கடைக் கம்ப்யூட்டரில் போன மாதத்துக் கோப்புகளை எல்லாம் தேதி வாரியாக வரிசைப்படுத்தினாள். நேற்றுவரை அது வெறும் எறும்பு வரிசை. இன்று பெயர் பெயராகப் படிக்க முடிந்தது. ஓனர் லெட்டர். ஓனர் லெட்டர் ஃபைனல். ஓனர் லெட்டர் கடைசி ஃபைனல் ஸ்கேன். ஒரே வேலைக்கு மூன்று ஃபைனல் வைக்கிற பழக்கத்தை அவனிடமிருந்து அவளால் மாற்றவே முடிந்ததில்லை.

திறந்தாள். கடையின் லெட்டர்பேடு. வெளிர் சந்தன நிறத்தில் அவளே வடிவமைத்தது. உடல்நிலை காரணமாகக் கடையைத் தொடர்ந்து நடத்த இயலாததால், என் முழுச் சம்மதத்துடன், என் பெயரில் உள்ள வாடகை ஒப்பந்தத்தை என் தம்பி தென்னரசு பெயருக்கு மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். கீழே கலையரசி என்று கையெழுத்து.

அவள் கையெழுத்துதான். சந்தேகமே இல்லை. அவள் போடவில்லை, அதிலும் சந்தேகமே இல்லை.

பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். கையெழுத்தைச் சுற்றி நூல் மாதிரி ஒரு வெள்ளை ஓரம். சந்தன நிறத் தாளில் அந்த இடம் மட்டும் வெள்ளையாக, நகத்தால் கீறிய மாதிரி, எழுத்தோடு கூடவே ஓடியது. பழைய ரசீது ஒன்றிலிருந்து கையெழுத்தை வெட்டி எடுத்து இங்கே ஒட்டியிருக்கிறான். காலையில் அம்சா நிறத்தை முழுசாகத் திறந்துவிடாமல் இருந்திருந்தால், சந்தனமும் வெள்ளையும் அவள் கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரிந்திருக்கும்.

"ஓரத்த நல்லா நறுக்குடா, நல்லா நறுக்குடான்னு தலையால அடிச்சிக்கினேனே," என்று வாய்விட்டே சொன்னாள். அக்கா கழுத்தை அறுக்கும்போதுகூட அவனுக்கு வேலை சுத்தமில்லை. சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

மளமளவென்று அந்தக் கோப்பைத் தன் லேப்டாப்புக்கு இழுத்துக்கொண்டாள். முக்கால்வாசி வந்தது. முழுசும் வந்தது. மறு நிமிடமே திரை கறுத்துப்போனது. இணைப்பு இல்லை என்று ஒரு வரி மட்டும் மின்னியது. தென்னரசு வந்து ஒயரைப் பிடுங்கிவிட்டான். பிடுங்கட்டும். கையில் ஆதாரம் இருக்கிறது என்று அவளுக்குத் தெம்பு வந்தது.

தன்னிடம் வந்துவிட்ட கடிதத்தை மறுபடி திறந்து, கடைசிவரை கீழே இறக்கினாள். அங்கே இன்னொரு கையெழுத்து இருந்தது.

சாட்சி, சூ. அலெக்ஸ், கணவர்.

 அவளுக்கு நல்ல கோபம் வந்தது. அடப் பாவி! என் கையெழுத்தை ஒட்டியது போதாதென்று, ஒரு பாவமும் அறியாத அந்த மனுஷன் கையெழுத்தையும் ஒட்டியிருக்கிறானே! கேஸ் சிலிண்டர் ஃபாரம், வாக்காளர் ஃபாரம் என்று அலெக்ஸ் கையெழுத்துப் போட்ட எத்தனையோ காகிதம் அந்தக் கடையில் ஸ்கேன் ஆகியிருக்கிறது. அதில் ஒன்றைச் சுரண்டியிருப்பான். பார்த்துவிடுவோம். ஒன்றுக்கு இரண்டு ஆதாரமாக இருக்கட்டும்.

பெரிதாக்கினாள். வெள்ளை தெரியவில்லை.

இரண்டு மடங்கு. நாலு மடங்கு. முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். நீல மை சந்தன நிறத்தின் மேலேயே ஓடியது. வளைகிற இடத்தில் மை மெலிந்து, அடியில் தாளின் சந்தனம் தெரிந்தது. எட்டு மடங்கு. கடைசி எழுத்தில் பேனா ஒரு கணம் அழுந்தி நின்று, மைப்பொட்டு ஒன்று விழுந்திருந்தது. வெள்ளை இல்லை. எங்கேயும் இல்லை.

பதினோரு வருடம் படங்களை வெட்டி ஒட்டியவளுக்கு அதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியதில்லை. இது ஒட்டியது இல்லை. இந்தத் தாளை முன்னால் வைத்து, பேனாவைப் பிடித்துப் போட்டது.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. சீனுவாசனுக்குப் போன் செய்தாள்.

"நான் லெட்டரு எதுவும் குடுக்கல சார். அதுல இருக்கிறது நான் போட்ட கையெழுத்து இல்ல."

"இன்னாம்மா இப்படிச் சொல்ற? உன் வீட்டுக்காரரு தம்பியோட வந்து, என் டேபிள்ல வச்சிதானே சாட்சி போட்டாரு? தம்பிதான் அத எடுத்துக்கினு போயி ஸ்கேன் பண்ணிட்டு வந்து குடுத்தாரு. அவரே வந்துட்டாரேன்னுதான் உனக்கு ஒரு போன்கூடப் பண்ணல." அவருக்கே சங்கடமாகிவிட்டது. "இன்னைக்குச் சாயங்காலம் புது அக்ரிமெண்டு எழுதறதா இருக்குது. இப்ப நீ ஒண்ணு சொல்ற, உன் வீட்டுக்காரரு ஒண்ணு சொல்லியிருக்காரு. நான் யார நம்பறது? சாட்சி போட்டவரே, அது உன் கையெழுத்து இல்லைன்னு ரெண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு போட்டோ அனுப்பட்டும். நாலு மணிக்குள்ள வந்துட்டா பழைய அக்ரிமெண்டே நிக்கும். கடை உன்னுதுதான்."

அலெக்ஸ் ஒரு மணிக்கு வந்தான். கையில் இளநீர் இரண்டு.

"சாப்ட்டியா கலை? முகம் ஏன் இப்படி இருக்குது? வலிக்குதா?" என்று பதறிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான். அந்தப் பதற்றம் பொய் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கொடுமையாக இருந்தது.

அவள் லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினாள். திரை முழுக்க அவன் கையெழுத்து.

அலெக்ஸ் இளநீரைக் கீழே வைத்தான். மறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டான்.

"இந்தப் பொட்டியில எனக்குக் கண்ணு தெரியாம பண்ணது யாரு? அதுவும் நீங்கதானா?"

"தென்னரசு போன்ல சொன்னான். எங்க போயி எத மாத்தணும்னு. கலங்கலா இருந்தா நீயே சலிச்சிப் போயி வுட்ருவன்னான்." கட்டில் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான். "கடை இருந்தா நீ போவ கலை. பொறந்த மறுமாசமே பஸ்ஸு ஏறுவ. ரெண்டு புள்ளய அந்த ரோட்டுலதான் வுட்டோம். எனக்கு நீ வேணும், இந்தப் புள்ள வேணும். கடை போனா போவட்டும்னுதான்..."

"உங்க கடையா அது? போனா போவட்டும்னு சொல்றதுக்கு?"

அவன் இளநீரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தான்.

"அந்த மனுஷனுக்கு விளக்கு ஏத்துனதுகூட நான் இல்ல. நீங்க. ராத்திரியெல்லாம் என் கைக்கு இன்னா ஆச்சின்னு கெடந்து அழுதேனே, பக்கத்துலதான படுத்திருந்தீங்க? ஒரு வார்த்த சொல்லல."

எழுதி வைத்திருந்த தாளை அவன் முன்னால் நீட்டினாள். இரண்டே வரி. லெட்டரில் இருக்கும் கலையரசியின் கையெழுத்து அவள் போட்டது அல்ல. இதை அறிந்தே சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். சீனுவாசன் சொன்னதையும் சொன்னாள். நாலு மணி என்பதையும் சொன்னாள்.

அலெக்ஸ் பேனாவை வாங்கிக்கொண்டான். தாளைப் படித்தான். மறுபடி படித்தான்.

"இதுல போட்டா தென்னரசு மேல கேஸு ஆயிடும். உங்க அம்மா தாங்க மாட்டாங்க."

"நான் கேஸு குடுக்கல. என் கடையத்தான் கேக்கிறேன்."

"கொஞ்சம் டைம் குடு கலை. யோசிச்சி சொல்றேன்."

கலையரசி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தவில்லை. கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"தென்னரசு வந்து கேட்டப்ப எத்தினி நாளு யோசிச்சீங்க?"

அவன் நிமிரவில்லை. பேனா மூடியைத் திறந்தான், மூடினான்.

"சொல்லுங்க."

"யோசிக்கல," என்றான் அலெக்ஸ். "அன்னைக்கே போட்டுட்டேன்."

மணி ஒன்றே கால் ஆகியிருந்தது.